மலையேறிய வேனின் உட்புறம்



சென்ற இதழில், எங்கள் ஷெட்டில் நிற்கும் பழைய ஸ்டாண்டர்டு 20 வேனின் உட்புறத்தைச் செப்பனிடத் தொடங்கியிருக்கிறோம் என்று இரண்டே வரி எழுதியிருந்தோம். அதை வாசித்த பலர் கடிதம் எழுதினீர்கள். சிலர் மகிழ்ந்தீர்கள். சிலர், "நோயாளிகளுக்கென்று நாங்கள் கொடுக்கும் காணிக்கையை ஒரு பழைய வண்டியில் போடுவது நியாயமா?" என்று நேராகவே கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே முதலில் அதற்குப் பதில். நோயாளிகள் நிதியிலிருந்து இந்த வேனுக்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். இந்த ஆஸ்பத்திரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சிலரும் அவர்கள் பிள்ளைகளும் இதற்கென்றே தனியாகக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கு தனிப் புத்தகத்தில் இருக்கிறது. இனி, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம், உதிரி பாகங்களை எங்கே தேடினோம் என்பதைச் சற்று விவரமாய் எழுதுகிறோம்.

ஸ்டாண்டர்டு என்ற பெயரை இளையவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்னும் கம்பெனி 1948-ல் சென்னையில் தொடங்கியது. நகரத்துக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1970-களில் கெஸல் என்று கார்கள் அங்கிருந்து வந்தன. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தாய்க் கம்பெனி 1958-ல் அட்லஸ் என்று ஒரு வேனை வெளியிட்டது. பிற்பாடு லேலண்டு பெயரிலும் விற்ற அந்த வேன் அங்கே 1960-களோடு நின்றுபோயிற்று. அதன் அச்சுகள் சென்னைக்கு வந்து, ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரில் வேனாகவும், பிக்கப்பாகவும், ஆம்புலன்ஸாகவும் நம் சாலைகளில் ஓடியது. 1988-ல் சென்னைத் தொழிற்சாலை மூடப்பட்டது. தமிழ்நாட்டிலேயே செய்த வண்டிக்குத் தமிழ்நாட்டிலேயே உதிரி பாகம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அதற்குப் பின் எல்லாருக்கும் வேன் என்றாலே பஜாஜ் டெம்போவின் மெட்டடார் என்றாகிவிட்டது. இன்றும் நம் ஊர்ப் பெரியவர்கள் எந்த வேனையும் மெட்டடார் என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் வண்டியையும் அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. சொன்னால் எங்கள் பழைய டிரைவர் ஐயாவுக்குக் கோபம் வரும்.

மருத்துவரை வண்டியில் ஏற்றி வழியோரத்தில் இருக்கும் நோயாளியிடம் கொண்டுபோவது நம் மாநிலத்தில் பழைய வழக்கம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் ஒற்றை சிலிண்டர் பெஜோ கார் ஒன்றில் குடியாத்தம் சாலையில் போய் மரநிழலில் மருந்து கொடுத்தார். அந்த வழியோர மருந்தகங்களின் வம்சத்தில் வந்ததே நம் வேனும். 1974-ல் பதிவான இது, போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறி, ஏலத்தோட்டங்களில் வேலைசெய்கிறவர்களின் லயங்களுக்கு மருந்தும் நர்ஸம்மாவும் கொண்டுபோனது. திரும்பி வரும்போது பிரசவ வலி கண்டவர்களையும், ஜீப் கவிழ்ந்து அடிபட்டவர்களையும் கொண்டுவந்தது. 2008-ல் 108 சேவை வந்தபின் அந்த வேலை அதற்கு இல்லாமல் போயிற்று. ஷெட்டில் ஓரமாய் நின்றது.

"செப்பனிட்டபின் மறுபடியும் மலைக்கு ஓட்டுவீர்களா?" என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில், இல்லை என்பதே. இரண்டு காரணங்கள். ஒன்று, ஆம்புலன்ஸ் என்றால் உள்ளே என்னென்ன எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இப்பொழுது ஏ.ஐ.எஸ். 125 என்று தரவிதி இருக்கிறது. இந்த வேன் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு, சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, வாடகைக்கு விடாத சொந்த உபயோக வண்டிகளுக்கு, மாநில எழுத்துகளையடுத்து வி.ஏ. என்ற ஆங்கில எழுத்துகள் வரும் தனி எண் கொடுக்கிறார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பதிவு பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, எண்ணெய் போடுதல் ஆகியவற்றுக்கு மாத்திரம் வெளியே எடுக்கலாம். சேஸிஸ், பாடி, என்ஜின் இவைகளை உருமாற்றியிருக்கவும் கூடாது.

இந்த விதி உட்புற வேலையையும் தொடுகிறது. நான்கு சக்கர வண்டிகளில் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் அமராத வண்டிக்குத்தான் இது பொருந்தும். ஆகவே பதிவுப் புத்தகத்தில் எத்தனை இருக்கை எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். அதற்கு மேல் ஒரு பெஞ்சுகூடச் சேர்க்கக்கூடாது. எங்கள் புத்தகத்தில் ஓட்டுநரோடு எட்டு என்றிருந்தது. பிற்காலத்தில் யாரோ போட்ட கூடுதல் பெஞ்சு ஒன்றை எடுத்துவிட்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் சபைகளும் பள்ளிக்கூடங்களும் ஆசாரியை அழைக்கும் முன்னே இதைக் கவனிப்பது நல்லது.

மலையில் ஓடிய வண்டி வெளியே பார்க்க நன்றாயிருக்கும், உள்ளேதான் அழுகியிருக்கும். போடி ஊர் வெயில் ஊர். மழை மறைவில் இருப்பதால் காற்றில் ஈரம் குறைவு. ஆனால் மேலே ஏற ஏற மூடுபனியும் சாரலும். ஏறுகிறவர்களின் கால்களோடும், நனைந்த கம்பளியோடும் தண்ணீர் உள்ளே வருகிறது. ரப்பர் பாயின் கீழே சத்தம் குறைய விரித்த சணல் விரிப்பு அந்தத் தண்ணீரைப் பஞ்சுபோல் குடித்துக்கொள்ளும். மேலே ரப்பர் மூடியிருப்பதால் போடி வெயிலிலும் அது காயாது. கீழேயிருக்கும் தகடு வருஷக்கணக்காய் ஈரத்துணியில் சுற்றி வைத்ததுபோல் இருக்கும். துரு சாலைப் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த வண்டியில் பெரும்பகுதி உள்ளேயிருந்தே வந்திருந்தது. கதவுகளும் அப்படியே. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சிறு துவாரங்கள் உண்டு. தூசியும் பழைய பெயிண்டும் அவற்றை அடைத்துவிட்டால், கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு கம்பியால் வருஷத்துக்கு ஒருமுறை குத்திவிட்டால் போதும், கதவு பிழைத்துக்கொள்ளும்.

தளத்தில் சுத்தியலின் முனையால் தட்டிப் பார்த்தோம். நல்ல தகடு கணீரென்கும். செத்த தகடு மந்தமாய்ச் சத்தமிடும். செத்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அந்த அளவுக்கு மாத்திரம் வெட்டி, 18 கேஜ் தகட்டில் பழைய நெளிவுகளை அப்படியே மடித்து வைத்து ஒட்டினோம். மேலே புதுத்தகட்டைப் போர்த்தி மூடிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே மறுபடியும் ஈரம் உட்காரும். வெல்டிங்குக்கு முன் பாட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டாங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வைத்தோம். இதில் சோம்பல்படக்கூடாது. துருவை நீக்கி, பாஸ்பாரிக் அமிலக் கலவை பூசிக் கழுவி உலர்த்தி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்டு. சணல் விரிப்பை மாத்திரம் திரும்பப் போடவில்லை. பழைய முறைக்கு மாறானதுதான், ஆனால் நம் மலைக்கு அந்தச் சணல் ஆகாது. பின்பக்கத்து மரப்பலகைத் தளத்துக்கு, ஈரம் தாங்கும் பிளைவுட் வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கு மூன்று தரம் வார்னிஷ் கொடுத்தோம். பிளைவுட் முகத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, ஓரத்தில்தான் குடிக்கும்.

இந்த வேனில் என்ஜின் வெளியே இல்லை. டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, ஒரு பெட்டி மூடியின் கீழே இருக்கிறது. வளைவுகளில் ஏறும்போது அந்த மூடி சுடும். மேட்டில் குளிருக்கு அதுவே அடுப்பு. நர்ஸம்மாக்கள் கையை அதன்மேல் வைத்துக்கொள்வார்களாம். மூடியின் உட்புறத்தில் வெப்பம் தடுக்க ஒட்டியிருந்தது கல்நார்போல் தெரிந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் இது சகஜம். காய்ந்த கல்நாரைச் சுரண்டினால் அதன் இழை காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். நோய் வெளிப்படப் பல பத்து வருஷம் ஆகும். ஆகவே தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகமூடி அணிந்து, துண்டாய் எடுத்து இரட்டைப் பையில் கட்டி, ஆபத்தான கழிவைச் சேர்க்கவேண்டிய முறைப்படி அனுப்பினோம். அந்த இடத்தில் இப்போது அலுமினியத் தாள் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பு இருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டதெல்லாம் தண்ணீர் விட்டே. ஆஸ்பத்திரி வளாகத்தில் நடக்கும் வேலையில் தொழிலாளியின் நெஞ்சைப் பாதுகாக்காவிட்டால் எப்படி?

கழற்றின ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்து, பிளாஸ்திரியில் பெயரெழுதி ஒட்டி, திருகுகளைப் பழைய மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்தோம். நர்ஸிங் மாணவிகள் செய்த உதவி இது. எந்தப் பட்டறையிலும் இவ்வளவு ஒழுங்கைக் காணமுடியாது! திருகுகளைக் குறித்து ஒரு வார்த்தை. இந்த வண்டி அங்குல அளவில் செய்தது. இன்று கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. போல்ட் போட்டால் உள்ளே போகும், பிடித்ததுபோலவும் தோன்றும், பத்து வளைவு திரும்பினால் கழன்றுவிடும். ஆகவே பழைய திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கித் திரும்ப உபயோகித்தோம். பற்றாததை லேத்தில் கடைந்தோம்.

இனி உதிரி பாகம் தேடிய கதை. போடியிலேயே முதலில் விசாரித்தோம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளால் வாழும் ஊர் ஆகையால் இங்கே லேத் பட்டறைக்கும், டிங்கர் வேலைக்கும், சீட் தைப்பவருக்கும் குறைவில்லை. கை வேலை எல்லாம் இங்கே முடியும். ஆனால் ஸ்டாண்டர்டுக்கே உரிய கதவுப் பிடியும், கண்ணாடி ஏற்றும் கைப்பிடியும், டாஷ்போர்டு மீட்டரும் இங்கே எங்கே? 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை ரயில் வந்துவிட்டபடியால், இரவு ரயிலேறிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். புதுப்பேட்டையை அறியாதவர்களுக்கு: உடைத்த வண்டிகளின் பாகங்கள் மலைபோல் குவிந்திருக்கும் காயலாங்கடைத் தெருக்கள் அவை. அங்கே பெயர் சொல்லிக் கேட்டால் பிரயோஜனமில்லை. "ஸ்டாண்டர்டு இருபது கதவுப் பிடி இருக்கா பாய்?" என்றால், "அது போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு சார்" என்றே பதில் வரும். அதே பிடியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தால், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்கட்டுக்குப் போய், ஒரு சாக்கைக் கொட்டி, அதில் இரண்டைப் பொறுக்கிக் கொடுப்பார். கடைக்காரரின் ஞாபகம் பெயரில் இல்லை, உருவத்தில் இருக்கிறது. உடைந்ததானாலும் மாதிரியை எடுத்துக்கொண்டு போவது அவசியம். படம் மாத்திரம் போதாது.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு வண்டிக்கே உரியது என்று நினைப்பது பெரும்பாலும் பல வண்டிகளுக்குப் பொதுவானது. மின்சாரச் சாமான்களை கார் கம்பெனிகள் தாங்களே செய்யவில்லை. 1961-ல் பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். போன்ற கம்பெனிகள் செய்து பல வண்டிகளுக்குக் கொடுத்தன. ஆகவே சாமானின்மேல் பொறித்த எண்ணைத் துடைத்து வாசித்தால் வேறொரு வழி திறக்கும். எங்கள் வைப்பர் மோட்டாருக்கு வேண்டிய கார்பனும், விளக்குச் சுவிட்சும் ஸ்டாண்டர்டு கடையில் அல்ல, அம்பாஸடர் சாமான் விற்கும் கடையில் கிடைத்தன. அம்பாஸடர் உற்பத்தி 2014-ல்தான் நின்றது. அதன் சாமான் இன்னும் சந்தையில் இருக்கிறது. இங்கிலாந்தில் பழைய ஸ்டாண்டர்டு வண்டிகளைப் பேணுகிறவர்களிடமிருந்து வரவழைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். தபால் செலவும் சுங்கமும் சாமானின் விலையை மிஞ்சும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர் பீடிங்தான் எங்களை அதிகமாய் அலைக்கழித்தது. ரப்பர் முப்பது வருஷத்தில் வெயிலால் வெடித்துக் கல்லாகிவிடும். காயலாங்கடையில் பழைய ரப்பர் வாங்குவது வீண். அதுவும் அதே வயதுடையது. புதிதாய்த்தான் செய்யவேண்டும். பழைய பீடிங்கில் வெடிக்காத ஓரிடத்தைத் தேடி, சவர பிளேடால் நேராய் வெட்டி, வெட்டுமுகத்தில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தோம். அந்த அச்சுதான் ரப்பர் செய்கிறவருக்கு வரைபடம். பலகையில் செதுக்கிய வேலைபோல் எத்தனை பள்ளம், எத்தனை உதடு என்று அதில் தெரியும். பெரும்பாலும் அதே வெட்டுமுகம் பஸ்ஸுக்கோ லாரிக்கோ ஏற்கெனவே நடப்பில் இருக்கும். எங்களுக்கும் அப்படியே அமைந்தது. வெயில் தாங்குவதற்கு இயற்கை ரப்பரைவிட ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் மேல். மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் பங்காளர்கள் எங்களை மன்னிப்பார்களாக.

பக்கக் கண்ணாடிகள் தட்டையானவை. ஆகவே அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தால் கண்ணாடிக் கடையில் செய்துவிடுவார்கள். ஆனால் வீட்டு ஜன்னல் கண்ணாடியை வண்டியில் போடக்கூடாது. உடைந்தால் கத்தியாய்ப் பாயும். டஃபன்டு கண்ணாடியானால் முதலில் அளவுக்கு வெட்டி, துளையிட்டு, அதற்குப்பின்தான் சூளையில் ஏற்றவேண்டும். ஏற்றியபின் ஒரு நூல் அளவும் வெட்டமுடியாது, பொடியாய்ச் சிதறிவிடும். அளவட்டையை ஜன்னலில் வைத்து இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இருக்கைகளைப் பிரித்தபோது உள்ளே இரும்புச் சுருள், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தேங்காய் நார், அதன்மேல் பருத்தி, மேலே பச்சை ரெக்ஸின். நாருக்குள்ளே ஏலக்காய்த் தோலும், தையல் ஊசி ஒன்றும், 1970-களின் பத்துப் பைசா நாணயங்களும் அகப்பட்டன. சீட் தைக்கும் தம்பி, "ஐயா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஃபோம் வச்சிரலாம், ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார். ஃபோம் எளிது, மலிவும்கூட. ஆனாலும் நாரே வேண்டும் என்றோம். நார் காற்றை விடும், ஈரமானாலும் காய்ந்துவிடும். மேலும் ஃபோம் வைத்த இருக்கையின் முகம் உப்பிக் காணும். பழைய இருக்கையின் தட்டையான சாயல் வராது. ரப்பர் பால் தெளித்து அழுத்திய நார்ப்பலகை கயிற்று மெத்தைக் கடைகளில் கிடைக்கிறது. அதை வெட்டி வைத்தால் பழைய வேலையும் காப்பாற்றப்படும், புதுச் சௌகரியமும் உண்டு. பழைய ரெக்ஸின் உறையை வீசிவிடாமல் தையல் பிரித்து, அதையே வெட்டு மாதிரியாக வைத்துத் தைத்தார். அதே பச்சை நிறம் கிடைக்க மதுரையில் நான்கு கடை ஏறினோம். சீட்டின் அடியில், வெயில் படாத இடத்திலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனதால்தான் உண்மையான நிறம் தெரிந்தது; மேலே இருந்தது வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

கூரையின் உட்புறத்து ஹார்டுபோர்டு பனியில் ஊதிப்போயிருந்தது. அளவெடுத்துப் புதிது வெட்டினோம். வயர்களை எலி கடித்திருந்தது. முழுவதும் புதிது போட்டு, பழைய வண்டியில் இரண்டே பியூஸ் இருந்த இடத்தில் ஆறு வைத்தோம். வெளியே தெரியாத இடத்தில் பாதுகாப்பைக் கூட்டுவதில் தவறில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஸ்ட்ரெச்சர் மாட்டும் கொக்கிகளையும், மருந்துப் பெட்டி வைக்கும் தேக்கு அலமாரியையும் மாத்திரம் புதுப்பிக்கவில்லை. அலமாரியின் கதவில் அயோடின் கறை இருக்கிறது. இடது பக்கப் பிடிகம்பியில், படுத்திருப்பவர் வளைவுகளில் பற்றிக்கொள்ளும் இடத்தில், பெயிண்டு தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. பெயிண்டர் அதற்கும் பூச்சு அடிக்க வந்தார். வேண்டாம் என்று நிறுத்தினோம். சபைப் பிள்ளைகள் வந்து பார்க்கும்போது அந்த இரண்டையும்தான் முதலில் காட்டுவோம். துரு ஏறாமல் மெழுகு தடவித் துடைத்தால் போதும்.

இன்னும் கிடைக்காதவை இவை: வலது முன் கதவின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, டாஷ்போர்டு மீட்டரின் முகக் கண்ணாடி வளையம், பின்கதவின் பூட்டு. உங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ, மில் காம்பவுண்டிலோ, காயலாங்கடையிலோ ஸ்டாண்டர்டு 20 ஒன்று உடைபட்டுக் கிடந்தால், பின்கதவு இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்த்து ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். மாதிரியை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.